வெளிச்சம் பட்டால் மட்டும் போதுமா?

ஒளியால் நடக்கும் வேதிவினைகள் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: கண்ணாடி, சுவர், ஃபிலிம், தூள், பனித்துகள். அதாவது ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிற விளிம்பு. என் வேலைக்காலம் முழுக்க அந்த விளிம்பில்தான் போயிற்று, செனான் விளக்கின் விசிறி இரைச்சலைக் கேட்டுக்கொண்டே. அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

*கரைசலில் ஒளி பட்டு நடக்கும் வினைக்கும் ஒரு பரப்பின் மேல் நடக்கும் வினைக்கும் அப்படி என்ன வித்தியாசம்? மூலக்கூறு அதேதானே, மேடம்?*
*(முதுகலை வேதியியல் மாணவி)*

மூலக்கூறு அதேதான். அக்கம்பக்கம்தான் வேறு.

ஒளியை விழுங்கிய மூலக்கூறின் கையில் கூடுதல் ஆற்றல் இருப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான். கரைசலில் அது பெரும்பாலும் நானோநொடிக் கணக்கு, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் அது உடைய வேண்டும், வளைய வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் எதையாவது கொடுக்கவோ வாங்கவோ வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் ஆற்றல் வெப்பமாகவோ ஒளியாகவோ போய்விடும். இப்போது அதே மூலக்கூறை ஒரு தங்கப் பரப்பின் மேல் படுக்க வையுங்கள். அடியில் இருப்பது எலக்ட்ரான் கடல். அது அந்த ஆற்றலை நானோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், பல சமயம் அதைவிடவும் சீக்கிரம், உறிஞ்சிவிடும். மூலக்கூறு சோம்பல் முறிப்பதற்குள் கை காலி.

அசோபென்சீன் என்று ஒரு மூலக்கூறு உண்டு. புற ஊதா ஒளி பட்டால் நடுவில் மடங்கும். வேறு நிற ஒளி பட்டால் மறுபடி நிமிரும். கரைசலில் இதை ஒரு பிற்பகலில் நூறு முறை செய்து காட்டலாம். தங்கத்தின் மேல் ஒட்டிப் படுத்திருக்கும்போது மட்டும் அசையாது. 2007-இல் ஒரு குழு அதற்கு நான்கு 'கால்கள்' வைத்துப் பார்த்தது. கால் என்றால் பருமனான பியூட்டைல் தொகுதிகள். அவை மூலக்கூறைத் தங்கத்திலிருந்து மயிரிழைகூட இல்லை, அதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரம் தூக்கின. அவ்வளவுதான், புற ஊதா ஒளியில் மடங்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு இந்தச் சோதனை மேல் தனிப் பிரியம். பரப்பு என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவதை அது ஒரு படத்தில் சொல்லிவிடுகிறது.

ஆனால் பரப்பை வெறும் திருடன் என்று நினைத்துவிட வேண்டாம். சில பரப்புகள் எடுத்துக்கொள்வதே உதவி. இனி வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

*தானே சுத்தம் செய்துகொள்ளும் கண்ணாடி என்று விளம்பரம் பார்க்கிறேன். உண்மையா? அறைக்குள் கண்ணாடித் தடுப்புக்கு வாங்கலாமா?*
*(கட்டட வடிவமைப்பாளர்)*

உண்மைதான். அறைக்குள் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டைட்டானியம் டை ஆக்சைடு (சுருக்கமாக டைட்டானியா) படலம் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் அதே பொருள்தான். அது ஒரு குறைகடத்தி. போதுமான ஆற்றலுள்ள ஒளித்துகள் ஒன்று உள்ளே விழுந்தால் ஓர் எலக்ட்ரான் மேலே எழும்பும். அது இருந்த இடத்தில் ஒரு 'துளை' மிஞ்சும். இரண்டும் பரப்பை எட்டினால் வேலை ஆரம்பம். எலக்ட்ரான் காற்றின் ஆக்சிஜனைப் பிடிக்கும். துளை, பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். இதில் பிறக்கும் ஹைட்ராக்சில் போன்ற துடுக்கான துண்டுகள், எண்ணெய்ப் பிசுக்கையும் கைரேகையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. புற ஊதா பட்ட டைட்டானியா பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது. துணியில் விழுந்ததுபோல் பரவிவிடும். இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்டார்கள். பிசுக்கை ஒளி தளர்த்தும், மழை தகடுபோல் வழிந்து அதைத் தூக்கிக்கொண்டு போகும், கறையும் விழாது. இரண்டும் சேர்ந்தால்தான் 'தானே சுத்தம்'. பில்கிங்டன் நிறுவனம் 2001-இல் இப்படியொரு ஜன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சரி, அறைக்குள் ஏன் வேண்டாம்? அனடேஸ் என்ற வகை டைட்டானியாவுக்கு எலக்ட்ரானை எழுப்ப 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அலைநீளத்தில் சொன்னால் சுமார் 388 நானோமீட்டர். அதற்கு மேற்பட்ட அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டினாலும் படலம் ஏறெடுத்தும் பார்க்காது. உறிஞ்சப்படும் ஒளி மட்டுமே வேதிவினை செய்யும் என்று குரோத்தஸ் 1817-லேயே சொல்லிவிட்டார். அறையில் இருக்கும் சாதாரண எல்.இ.டி. விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. உள்ளே மழையும் பெய்யாது. பிறகு அந்தப் படலத்துக்கு அங்கே என்ன வேலை?

*எங்கள் வீட்டு வெளிச்சுவரில் கை வைத்தால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. பெயின்ட் மட்டமா, வெயில் காரணமா?*
*(இல்லத்தரசி)*

இரண்டும் கூட்டாளிகள். மேலே புகழ்ந்த அதே டைட்டானியாவின் இன்னொரு முகம் இது.

பெயின்ட் என்பது நிறமித் துகள்களைப் பிசினில் புதைத்து வைத்தது. துகளும் பிசினும் தொடும் இடமெல்லாம் ஒரு விளிம்பு. வெயில் விழுந்தால் கண்ணாடியில் பிசுக்கைத் தின்ற அதே வேலை இங்கேயும் நடக்கும். ஆனால் இங்கே தின்னக் கிடைப்பது பிசின்தான். துகளைச் சுற்றிப் பிசின் கரையக் கரைய, பிடி விட்டுத் துகள் உதிரும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான். சாக்பீஸ் தூள் மாதிரி வருவதால் தொழிலில் இதைச் 'சாக்கிங்' என்கிறார்கள்.

வெளிச்சுவருக்கான நல்ல பெயின்ட்டில் ஒவ்வொரு டைட்டானியா துகளுக்கும் சிலிக்கா, அலுமினா போன்றவற்றில் மெல்லிய சட்டை போட்டிருப்பார்கள். ஒளி உள்ளே போகும், எலக்ட்ரானும் துளையும் பிறக்கும், ஆனால் வெளியே வந்து பிசினைத் தொட வழியில்லை. உள்ளேயே ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொள்ளும். டைட்டானியா கலந்த வெயில் களிம்புகளிலும் துகளுக்கு இதே மாதிரி சட்டை போடும் வழக்கம் உண்டு. உள்சுவர் பெயின்ட்டை வெளியே அடித்திருந்தால் குறை பெயின்ட்டில் இல்லை, தேர்வில். அடுத்த முறை அடிக்கும் முன் மாவு முழுவதையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மாவின் மேல் அடித்த பெயின்ட் மாவோடு சேர்ந்து உரிந்து வரும்.

*நான் தயாரித்த புதிய தூளை மெத்திலீன் ப்ளூ கரைசலில் போட்டு, புற ஊதாவை வடிகட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வைத்தேன். 40 நிமிடத்தில் நீலம் முழுவதும் போய்விட்டது. சிறந்த ஒளி வினையூக்கி (ஒளியை வாங்கி வினையைத் தூண்டும் பொருள்) என்று எழுதலாம் என்கிறார்கள். எழுதலாமா, மேடம்?*
*(ஆய்வு மாணவர்)*

தம்பி, ஒரு வாரம் பொறுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது என் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் இதே கரைசல், இதே நிறம், இதே சந்தோஷம் எனக்கும் வந்திருக்கிறது.

ஆய்வில் சேர்ந்த முதல் வருஷம். பழுப்பு நிறத் தூள் ஒன்று செய்திருந்தேன். கூம்புக் குடுவையில் மெத்திலீன் ப்ளூ, அடியில் காந்தக் கலக்கி. ஆக்சிஜன் குறுக்கே வந்து குழப்பும் என்று நானாகவே முடிவு செய்து நைட்ரஜனைக் குமிழ விட்டிருந்தேன். விளக்கைப் போட்டதும் நீலம் வெளுக்க ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்தில் தண்ணீர். சக மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடுவையின் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் ராத்திரி வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் கரைசலின் மேல் பாதி நீலம். கீழே வெளுப்பு, மேலே வானம். என் வழிகாட்டி வந்தார், குடுவையை எடுத்து இரண்டு குலுக்கு குலுக்கினார். முழுவதும் நீலமாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் குடுவையை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நடந்தது இதுதான். மெத்திலீன் ப்ளூ எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் நிறமற்ற 'லியூக்கோ' வடிவமாக மாறும். சாயம் சிதையவில்லை, முகமூடி போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்ததும் முகமூடி கழன்றுவிடும். நான் நைட்ரஜன் விட்டதே ஆக்சிஜனைத் துரத்தி இந்த ஏமாற்றுக்கு வழி செய்து கொடுத்தது.

அதோடு முடியவில்லை. சுழற்றிப் பிரித்த தூளைப் பார்த்தால் அதுவும் நீலம். சாயத்தில் ஒரு பகுதி வெறுமனே தூளின் மேல் போய் ஒட்டியிருந்தது. பரப்புக் கவர்தல், பள்ளிப் பாடம். அதற்கு ஒளியே தேவையில்லை.

மூன்றாவது ஓட்டைதான் உங்களுக்கு முக்கியம். மெத்திலீன் ப்ளூ தானே ஒளியை விழுங்கும். 664 நானோமீட்டர் பக்கத்தில் அதற்குப் பெரும்பசி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சோதிக்கும்போது ஒளியை விழுங்குவது உங்கள் தூளா, சாயமா? சாயம் விழுங்கி, எழும்பிய எலக்ட்ரானைத் தூளிடம் கொடுத்துவிட்டு, தானே சிதைந்துபோகலாம். அப்போது தூள் சும்மா கை நீட்டி வாங்கியது, அவ்வளவுதான். நாளைக்கு நிறமில்லாத மாசு ஒன்றைக் கொடுத்தால் அது ஒன்றும் செய்யாது. மெத்திலீன் ப்ளூவை வைத்துச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10678 என்று ஒரு தர முறையே இருக்கிறது; ஆனால் அது புற ஊதா ஒளியில் செய்ய வேண்டியது. அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இழுத்துக்கொண்டு வருவதுதான் வம்பு.

ஆகவே: முதலில் தூளும் சாயமும் சேர்ந்து இருட்டில் அரை மணி, ஒட்டுவது நிற்கும் வரை. அந்த அளவைத் தொடக்கமாக வையுங்கள். பிறகு தூள் இல்லாமல் சாயம் மட்டும் அதே விளக்கில். பிறகு விளக்கின் சூடு, குடுவைக்குள் ஒரு வெப்பமானி போதும். உங்கள் ஒளிவடிகட்டியை நம்பாதீர்கள், நிறமாலைமானியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் வெட்டும் இடத்துக்குக் கீழே கசிந்தவை உண்டு. கடைசியில் சாயத்தை விட்டுவிட்டு ஃபீனால் மாதிரி நிறமற்ற ஒன்றை வைத்து, கரியமில வாயு வருகிறதா என்று அளந்து பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சினால் தாராளமாக எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். என் பழுப்புத் தூள் மிஞ்சவில்லை.

*தூளை நானோ அளவுக்கு அரைத்துக்கொண்டே போனால் பரப்பு கூடும், வினையும் கூடிக்கொண்டே போகுமா?*
*(பிளஸ் டூ மாணவர்)*

போகாது. பி-25 என்று சோதனைச்சாலைகளில் ஒரு டைட்டானியா தூள் புழங்குகிறது. ஒரு கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு, ஒரு சின்ன வீட்டின் தரை. அதைவிடப் பல மடங்கு பரப்புள்ள தூள்களைச் செய்யலாம், செய்திருக்கிறார்கள், பலவும் அதனிடம் தோற்றன. பரப்பு என்பது வினை நடக்கும் இடம் மட்டும் அல்ல. எலக்ட்ரானும் துளையும் மாட்டிக்கொண்டு ஒன்றையொன்று அழிக்கும் பள்ளங்கள் நிறைந்த இடமும் கூட. அரைக்கும்போது இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன.

*பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டிப் பல்லை அடைத்தார். கெட்டியான பிறகும் மேலே பிசுபிசுவென்று இருந்ததை ஏதோ செய்து எடுத்தார். நகப்பூச்சு ஜெல்லிலும் இதே பிசுபிசுப்பு. விளக்கு போதவில்லையா?*
*(ஆசிரியை)*

நல்ல கவனிப்பு. விளக்கு போதும், மேலே காற்று இருந்தது, அதுதான் சங்கதி.

அடைப்புப் பசைக்குள் கற்பூரத்தோடு உறவுள்ள கேம்ஃபர்குவினோன் என்ற பொருள் கொஞ்சம் இருக்கும். 468 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை அது விழுங்கி, பக்கத்தில் உள்ள அமீன் ஒன்றோடு சேர்ந்து 'தனி உறுப்பு'களை உண்டாக்கும். தனி உறுப்பு என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைகிற துண்டு. அவை சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பசையைக் கல்லாக்கும். ஆனால் ஆக்சிஜனுக்குத் தனி உறுப்பு என்றால் உயிர். கண்ட இடத்தில் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட பிறகு பிறக்கும் பெராக்சி உறுப்பு படு மந்தம், சங்கிலியை நீட்டாது. உள்ளே இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். காற்றைத் தொடும் மேல் அடுக்கில் மட்டும் தீரத் தீர வந்துகொண்டே இருக்கும். அதனால் மேலே மெல்லிய ஓர் அடுக்கு கெட்டிப்படாமலே நிற்கிறது.

மருத்துவர்கள் இதைத் தொல்லையாக மட்டும் பார்ப்பதில்லை. அடுக்கடுக்காக நிரப்பும்போது கீழ் அடுக்கின் பிசுபிசுப்போடு மேல் அடுக்கு நன்றாகப் பிணைந்துகொள்ளும். கடைசி அடுக்கைத்தான் தேய்த்து எடுப்பார்கள், அல்லது மேலே கிளிசரின் தடவிக் காற்றை மறைத்துவிட்டு இன்னொரு முறை விளக்கைக் காட்டுவார்கள்.

இந்தத் தொல்லையையே தொழிலாக்கியவர்களும் உண்டு. முப்பரிமாண அச்சில், ஆக்சிஜன் புகக்கூடிய ஜன்னலைத் தொட்டியின் அடியில் வைத்து, அதன் வழியாக ஒளியைக் காட்டும் முறையை 2015-இல் அறிவித்தார்கள். ஜன்னலை ஒட்டிச் சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் பிசின் எப்போதும் திரவமாகவே இருக்கும். அச்சான பொருள் ஜன்னலில் ஒட்டாது. அடுக்குக்கு அடுக்கு நிறுத்திப் பிய்த்தெடுக்கத் தேவையில்லாமல் ஒரே இழுப்பாக மேலே வந்துகொண்டிருக்கும்.

*ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரன் நான். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் பட்ட ஒளி எப்படி வருஷக்கணக்கில் ஃபிலிமில் நின்றது?*
*(ஓய்வுபெற்ற புகைப்படக் கலைஞர்)*

ஐயா, நீங்கள் இருட்டறையில் நின்ற மணி நேரங்களுக்கு மரியாதையாக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிலிமில் ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் இருந்தன. ஒளி ஒரு படிகத்தில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. அது படிகத்துக்குள் அலைந்து பரப்பில் ஒரு பள்ளத்தில் சிக்குகிறது. அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. ஒற்றை அணு நிலைக்காது, கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். அதற்குள் இன்னோர் எலக்ட்ரான் அதே இடத்துக்கு வந்தால் இரண்டு அணு. சுமார் நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும். நீங்கள் டெவலப்பரில் போடும்போது அந்தப் படிகம் முழுவதும், கோடிக்கணக்கான அணுக்களும், வெள்ளியாகிவிடும். நான்கு அணு போட்ட கையெழுத்துக்கு மொத்தப் படிகமும் கட்டுப்படுகிறது. கர்னி, மாட் இருவரும் 1938-இல் இந்த விளக்கத்துக்கு அடிப்படை போட்டார்கள்.

அந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான பகுதி. ஒரே செய்முறையில் செய்தும் சில ஜெலட்டின்கள் 'வேகமான' ஃபிலிமைக் கொடுத்தன, சில மந்தமானதை. கோடாக் ஆய்வகத்தில் ஷெப்பர்டு 1925-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்: கடுகு எண்ணெயில் இருக்கும் கந்தகச் சேர்மம். ஜெலட்டின் செய்யப்பட்ட மாடுகள் மேய்ந்த செடியிலிருந்து வந்தது. அது படிகப் பரப்பில் வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்கி, எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் பொறியாக வேலை செய்தது. மாடு மேய்ந்ததில் ஃபிலிமின் வேகம்! பிறகு கணக்காக அளந்தே சேர்க்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி புரோமைடு நீலத்தைத்தான் நன்றாக உணரும். 1873-இல் ஃபோகல் என்ற ஜெர்மானியர், ஒளிச்சிதறலைத் தடுக்க மஞ்சள் சாயம் போட்டிருந்த தகடுகள் பச்சையையும் பதிவு செய்வதைக் கவனித்தார். சாயம் ஒளியை விழுங்கி எலக்ட்ரானைப் படிகத்துக்குக் கொடுக்கிறது. மேலே ஆய்வு மாணவருக்கு வம்பாக வந்த அதே வேலை இங்கே வரம். 1991-இல் ஓ'ரீகன், கிரெட்செல் இருவரும் டைட்டானியா தூள் படலத்தின் மேல் சாயத்தை ஒட்டி மலிவான சூரிய மின்கலம் செய்ததும் இதே உபாயத்தில்தான். படலத்தின் தடிமன் பத்து மைக்ரோமீட்டர்தான். அதன் உள்பரப்பு, வெளியே தெரியும் பரப்பைப்போல் பல நூறு மடங்கு. ஒற்றை அடுக்கு சாயம் ஒளியை அள்ள அவ்வளவு இடம் தேவைப்பட்டது.

*ஓசோன் ஓட்டை தென் துருவத்தில் மட்டும், அதுவும் வசந்தத்தில் மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகிறது? குளோரின் எல்லா இடத்திலும்தானே இருக்கிறது?*
*(வங்கி ஊழியர்)*

குளோரின் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்ற இரண்டு பெட்டிகள். இரண்டும் ஓசோனைத் தொடாது. காற்றில் சந்தித்தாலும் ஒன்றோடொன்று அநேகமாகப் பேசாது. மாதக்கணக்கான துருவ இருட்டில் குளிர் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது, மேலே நுண்ணிய மேகத்துகள்கள் உருவாகின்றன. அந்தத் துகளின் பரப்பில் இந்த இரண்டும் சேர்ந்தால் பெட்டி திறந்துகொள்கிறது. குளோரின் மூலக்கூறு வெளியே வருகிறது. நைட்ரிக் அமிலம் துகளிலேயே தங்கிவிடுகிறது. ஆக, குளிர்காலம் முழுக்கப் பரப்பு வெடிக்கு மருந்து கெட்டித்து வைக்கிறது. செப்டம்பரில், அங்கே அதுதான் வசந்தம், முதல் வெயில் வந்து திரியைப் பற்ற வைக்கிறது. குளோரின் மூலக்கூறை உடைக்க வீரியமான புற ஊதாகூட வேண்டாம், தாழ்ந்து வரும் வெயிலே போதும். சில வாரங்களில் ஓசோன் காலி.

ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஓட்டையை அறிவித்தது 1985-இல். பரப்புதான் காரணம் என்று சூசன் சாலமன் குழு 1986-இல் சொன்னது. அதுவரை வாயுக்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு எதுவும் இவ்வளவு இழப்பைக் காட்டவில்லை. வட துருவத்தில் குளிர் இத்தனை நிலையாக நிற்பதில்லை, அதனால் அங்கே மேகத்துகள் குறைவு.

*வான்கோ ஓவியங்களில் மஞ்சள் பழுப்பாகிறதாமே? வார்னிஷ் போட்டுக் காப்பாற்ற முடியாதா?*
*(ஓவியக் கல்லூரி மாணவி)*

அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சள், ஈய குரோமேட். ஒளி பட்டுக் குரோமியம் எலக்ட்ரான்களை வாங்கி ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்கும்போது பழுப்பாகிறது. 2011-இல் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ்-கதிரை வைத்துப் பார்த்தார்கள். பழுப்பு அடுக்கின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். இருக்கும் இடம் எது தெரியுமா? பெயின்ட்டும் வார்னிஷும் தொடும் விளிம்பு. அந்த அடுக்குக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. சுரண்டி எடுக்கலாமே என்று தோன்றும். அந்தச் சில மைக்ரோமீட்டரில்தான் அவருடைய தூரிகை இருக்கிறது. வார்னிஷ் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. வெளிச்சத்தைக் குறைப்பதும், புற ஊதாவையும் நீலத்தையும் வடிகட்டுவதும்தான் வழி.

*டைட்டானியாவில் ஒளியைக் காட்டித் தண்ணீரை உடைத்தார்களாம், ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. ஹைட்ரஜன் இன்னும் ஏன் அப்படிக் கிடைக்கவில்லை?*
*(பொறியாளர்)*

ஜப்பானிய வேதியியலாளர் ஃபுஜிஷிமா மாணவராக இருந்தபோது ஆரம்பித்த வேலை அது. அவரும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்டார்கள். தண்ணீரில் ஒளி பட்டால் துத்தநாக ஆக்சைடு கரைந்துபோகும். டைட்டானியா கரையாமல் நின்று குமிழியை விட்டது. அதுதான் ஆச்சரியம்.

தடை மூன்று. முதலாவது மேலே சொன்னதுதான்: புற ஊதா வேண்டும், வெயிலின் ஆற்றலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். இரண்டாவது, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வர நான்கு துளைகள் ஒன்றுசேர வேண்டும். அதற்குள் எலக்ட்ரான் வந்து அழித்துவிடக் கூடாது. மூன்றாவது, ஹைட்ரஜனை எளிதாக வரவழைக்கும் பிளாட்டினம் அதே சுறுசுறுப்போடு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்துத் திரும்பத் தண்ணீராக்கிவிடும்.

2020-இல் ஜப்பானின் டோமென் குழு செய்ததைப் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அலுமினியம் சிறிது கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகம். அதில் சில முகங்களுக்கு எலக்ட்ரான் போகும், வேறு முகங்களுக்குத் துளை போகும். எலக்ட்ரான் வரும் முகத்தில் மட்டும் ரோடியத்தை வளர்த்தார்கள், துளை வரும் முகத்தில் மட்டும் கோபால்ட் சேர்மத்தை. ரோடியத்துக்கு மேலே குரோமியம் ஆக்சைடு சட்டை: ஹைட்ரஜன் வெளியே வரலாம், ஆக்சிஜன் உள்ளே போக முடியாது. 350 நானோமீட்டர் பக்கத்து ஒளியில், விழுந்த நூறு ஒளித்துகளில் 96 வேலை செய்தன. கிட்டத்தட்ட ஒன்றுமே வீணாகவில்லை.

அதே வகைப் பொருளைத் தகடுகளில் பூசி 100 சதுர மீட்டருக்கு வெயிலில் பரப்பி 2021-இல் முடிவைச் சொன்னார்கள். வெயிலின் ஆற்றலில் ஹைட்ரஜனாக வந்தது அதிகபட்சம் 0.76 சதவீதம். பரப்பில் கசிவை அடைத்தாகிவிட்டது. பாக்கி இருப்பது அந்த முதல் தடை, படிகம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதில்லை. விழுங்குகிற பொருள்களோ பலவும் தண்ணீரில் கரைகின்றன, அல்லது ஒளியிலேயே தாமாகச் சிதைகின்றன. அவற்றுக்கு என்ன சட்டை தைப்பது என்றுதான் இப்போது பல ஆய்வகங்களில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.